ருசி பார்க்காத குழம்பு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கார்த்திகை, விடாத மழை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க காயத்ரி எழுதறேன். வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க அங்க நல்லா இருக்கீங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் இந்தக் கடிதாசி. கையால கடிதாசி எழுதி எத்தனை காலமாச்சு! பள்ளிக்கூடத்துல லீவ் லெட்டர் எழுதினதோட சரி. என்ன பண்றது, தீபாவளி அன்னிக்குப் பேசினதுதான், அப்புறம் உங்க போன் அடிக்கவே மாட்டேங்குது. வாட்ஸப்புல போட்டதெல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது. சென்னையில இருக்கிற ஏஜென்ட் ஆபீசுல கேட்டா, கப்பல்ல சிக்னல் கோளாறு மேடம், லெட்டர் எழுதிக் குடுங்க, அடுத்த துறைமுகத்துல கப்பலுக்கு ஏத்திடறோம்னு ஒரு பொண்ணு சொல்லுது. ரொம்பப் பணிவாத்தான் சொல்லுது. அந்தப் பணிவுதான் எனக்குப் பிடிக்கல.

முக்கியமான சேதி என்னன்னா, சமையல்கட்டுல என் ஆட்சி கவுந்துபோச்சு. கவுத்தது யாரு, உங்க அம்மாதான். முட்டிவலின்னு அடுப்புப் பக்கமே வராத மனுஷி, தீபாவளி முடிஞ்ச கையோட ஒருநாள் எனக்கு முன்னாடி எழுந்து அடுப்பு முன்னாடி நின்னுக்கினு இருந்தாங்க. என் சாம்பார் பொடி பாக்கெட், இஞ்சி பூண்டு பேஸ்ட், புளி பேஸ்ட், நூடுல்ஸ் எல்லாத்தையும் வாரி ஒரு கட்டைப்பையில போட்டு வாசல்ல வெச்சிட்டாங்க. இனிமே இந்த வீட்டுல எல்லாம் புதுசா வறுத்து அரைச்சுத்தான்னு உத்தரவு. சொன்ன மாதிரியே மல்லி, மிளகு, துவரம்பருப்புன்னு வறுத்து, தரையில உக்காந்து அம்மியில அரைக்கிறாங்க. எங்க போச்சு அந்த முட்டிவலின்னு நானும் கேட்டுட்டேன். இன்னும் ஒரு பிடி மல்லியை அள்ளி அம்மியில வெச்சாங்க.

தாமல்ல இருந்து துளசி அக்கா மொபெட்டுல காய் கொண்டு வருவாங்க இல்ல, அவங்க வர்ற நேரத்துக்கு அத்தை வாசல்லயே நிக்கறாங்க. அந்தந்த மாசத்துல மண்ணுல விளையறதுதான் வேணுமாம். கேரட், பீன்ஸ், கோஸ் எதையும் தொடறதில்ல. சேப்பங்கிழங்கு, புடலங்காய், வாழைக்காய், பூசணி, பாகல் இதுதான் சுத்திச் சுத்தி. ஆனா மாமா, உள்ளதைச் சொல்லணும். அந்த சேப்பங்கிழங்கு புளிக்குழம்பை வாயில வெச்சா அப்படி இருக்குது! அபி பாகற்காய் சாப்பிடறா. உங்க பொண்ணு, பாகற்காய்! புளித்தண்ணியில ஊறவெச்சு, துளி வெல்லம் போட்டு, எள்ளு வறுத்துப் பொடிச்சுத் தூவித் தராங்க. தட்டை வழிச்சு வெச்சிடறா. உங்க அப்பாவுக்கும் சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்குது. டாக்டரம்மா என்ன சாப்பிடறீங்க ஐயான்னு கேட்டாங்களாம். அதை நாலு தறிக்காரங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

எனக்கு ரெண்டு குறை உண்டு. ஒண்ணு, வெங்காயம் பூண்டு கிடையாது, பெருங்காயம்கூடக் கிடையாது. வெங்காயம் இல்லாத சாம்பார் ஒரு சாம்பாரா, நீங்களே சொல்லுங்க. நடுக்கடல்ல ஊருக்கே பொங்கிப் போடற கப்பல் குக்கு நீங்க, உங்களுக்குத் தெரியாததா? இன்னொண்ணு, உங்க அம்மா குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பார்ப்பாங்களே, அந்தப் பழக்கமே போயிடுச்சு. எதையும் ருசி பார்க்கறதில்ல. ஆனா உப்பு எப்பவும் சரியா நிக்குது.

அப்புறம் ஒண்ணு. உங்க பேர் வெட்டின எவர்சில்வர் தட்டை எடுத்து, நீங்க உக்கார்ற இடத்துலயே தினமும் போடறாங்க. முதல்ல அதுல எல்லாத்தையும் பரிமாறிட்டு, கொஞ்ச நேரம் நாங்க எல்லாரும் கையைக் கட்டிக்கினு காத்திருக்கணும். ஏன் அத்தைன்னா, சூடு ஆறட்டும்னு சொல்றாங்க. பிள்ளை நெனைப்பு, வேற என்ன. எனக்குக்கூடக் கண்ணு கலங்கிடுச்சு. சீக்கிரம் பதில் போடுங்க. மழையில நனையாதீங்கன்னு எழுத வந்தேன், கடல்ல இருக்கிறவர்கிட்ட என்னத்தைச் சொல்ல.

உங்க பதிலுக்குக் காத்திருக்கும் மனைவி,
காயத்ரி.

---

காஞ்சிபுரம்.
மார்கழி, பனி.

என் மாமாவுக்கு,

முதல் கடிதாசி கையில கிடைச்சிருக்கணும். நீங்க பதில் போடல. கோபமா எழுதக்கூடாதுன்னு நெனைச்சிக்கினுதான் உக்கார்றேன், ஆனா வருது.

துளசி அக்கா போன வாரம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஏம்மா, உங்க வீட்டுல தினமும் படையலான்னு கேட்டாங்க. நான் சிரிச்சிட்டேன். அவங்க சிரிக்கல. உங்க மாமியார் பொறுக்கற காயெல்லாம் செத்தவங்களுக்குப் படைக்கிற காயாவே இருக்குதே, பச்சை மொச்சை நல்லா வந்திருக்குது, வெங்காயம் போட்டுக் குழம்பு வைங்கன்னு குடுத்தா கையை இழுத்துக்கறாங்களே, அதான் கேட்டேன்னு சொன்னாங்க.

எப்படி மாமா எனக்கு இது தோணாமப் போச்சு? இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து உங்க தாத்தா திதிக்கு நான்தானே கூட நின்னு சமைக்கிறேன்? வெங்காயம் பூண்டு கூடாது, பெருங்காயம் கூடாது, வெளிநாட்டுக் காய் கூடாது, எள்ளு சேரணும், படைக்கிற வரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருநாள் சமைக்கிற சமையல்ங்கிறதால, தினமும் கண்ணு முன்னாடி நடந்தும் எனக்கு உறைக்கல. உடம்புக்கு நல்லதுன்னு சப்புக்கொட்டித் தின்னுக்கினு இருந்திருக்கேன்.

நேராப் போய்க் கேட்டுட்டேன். வாழைக்காய் நறுக்கிக்கினு இருந்தாங்க. தலையைத் தூக்கல. அவனுக்குப் பசிக்குதும்மான்னு சொன்னாங்க. சோறு வடிக்கிற நேரத்துக்குத் தினமும் பின்வாசல் படியில வந்து நிக்கறானாம். உள்ளே வாடான்னா வர்றதில்லையாம். துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குதாம், துண்டு நீட்டினா வாங்க மாட்டேங்கறானாம். சோத்தை மட்டும் பார்த்துக்கினு நிக்கறானாம்.

பெத்த வயிறா இதுன்னு கேட்டேன் மாமா. கப்பல்ல வேலைக்குப் போன பிள்ளைக்கு உயிரோட படையல் போடறீங்களே, கழுத்துல தாலியோட ஒருத்தி எதிர்ல நிக்கறேனே, கண்ணு தெரியலையான்னு கத்தினேன். தறிச்சத்தம் நின்னுபோச்சு. உங்க அப்பா எழுந்து வரல. அத்தை வாழைக்காயைத் தண்ணியில போட்டுட்டு அடுத்ததை எடுத்தாங்க. மழை நின்னு எவ்வளவோ நாளாச்சு. பின்வாசல் படி மட்டும் தினமும் ஈரமா இருக்குது. பாத்திரம் கழுவின தண்ணின்னு நான் இத்தனை நாளும் துடைச்சு விட்டுக்கினு இருந்திருக்கேன்.

அன்னிக்கு வந்த வேகத்துல உங்க தட்டை இழுத்து என் முன்னாடி வெச்சு, இது என் புருஷன் தட்டு, அவர் வர்ற வரைக்கும் நான்தான் இதுல சாப்பிடுவேன்னு ஒரு வாய் வெச்சேன். வைக்க முடியல. அப்படி உப்பு. கடலோரம் குளிக்கறப்போ அலை வாயில அடிச்சிட்டுப் போகுமே, அந்தக் கரிப்பு. அதே குண்டான்ல இருந்து போட்ட அதே சோறு, அதே குழம்பு. அபி தட்டுல நல்லா இருந்துது, என் தட்டுலயும் நல்லா இருந்துது.

அத்தைதான் யாருக்கும் தெரியாம உப்பை அள்ளிப் போட்டிருக்காங்கன்னு நெனைச்சேன். மறுநாள் அவங்களைச் சமையல்கட்டுக்குள்ள விடல. உப்பு ஜாடியை இடுப்புலயே வெச்சிக்கினு நானே சமைச்சேன். நாட்டு அவரைக்காய்ப் பொரியல், பரங்கிக்காய் கூட்டு, மிளகு ரசம். கிருத்திகை விரதம் எனக்கு, வாயில எதையும் வைக்கல. உங்க தட்டுல நானே பரிமாறினேன். கொஞ்ச நேரம் கழிச்சு உங்க அப்பாவைக் கூப்பிட்டு, இதை ருசி பாருங்கன்னேன். ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சார். எழுந்து போய் வாய் கொப்பளிச்சார். என்னைப் பார்க்காமயே தறிக்குழியில இறங்கி உக்காந்துக்கினார்.

அப்போதான் எனக்கு ஒரு யோசனை வந்துது. எச்சில் பட்டது படையலுக்கு ஆகாது இல்ல? அதான், நாளையில இருந்து நான்தான் சமைக்கப் போறேன். வெங்காயம் போடுவேன், பூண்டை உரிச்சு உரிச்சுப் போடுவேன், ஒவ்வொரு பாத்திரத்திலயும் கரண்டியை விட்டு நக்கிப் பார்த்துட்டு அதே கரண்டியைத் திரும்ப உள்ளே விடுவேன். என் புருஷன் சாப்பிடற சோறு உயிரோட இருக்கிறவர் சாப்பிடற சோறுதான். வேற யாரு பின்வாசல்ல வந்து நின்னாலும் பட்டினிதான். உங்க அம்மா என்னை என்ன வேணா நெனைச்சிக்கட்டும்.

நீங்க ஒரே ஒரு வரி எழுதினா போதும் மாமா. நல்லா இருக்கேன்னு ஒரு வரி. அதை உங்க அம்மா கையில குடுத்து, போதுமான்னு கேட்டுடறேன்.

உங்களோடு சண்டை போட ஆசையாக இருக்கும்,
காயத்ரி.

---

காஞ்சிபுரம்.
தை, பொங்கல் கழிஞ்ச ஞாயிறு.

என் மாமா,

நான் ஜெயிச்சிட்டேன். முதல்ல அதைச் சொல்லிடறேன். எச்சில் பண்ணிச் சமைச்ச முதல் நாளே உங்க தட்டுச் சோறு சாதாரணமா இருந்துது. எடுத்துச் சாப்பிட்டேன், மொச்சைக்கொட்டைக் குழம்பு மொச்சைக்கொட்டைக் குழம்பாவே இருந்துது. அடுத்த நாளும் அப்படித்தான். பின்வாசல் படியும் காய்ஞ்சு கிடந்துது. பார்த்தீங்களா அத்தை, ஒண்ணுமில்ல, எல்லாம் உங்க மனப்பிராந்தின்னு எக்களிச்சு நின்னேன்.

அத்தை கதவு நிலையைப் பிடிச்சிக்கினு படியையே பார்த்துக்கினு இருந்தாங்க. வந்தான்மா, மோந்து பார்த்தான், சாப்பிடாமப் போயிட்டான்னு சொன்னாங்க. எவ்வளவு தூரம் நடந்து வரானோ, பசியோட திரும்பிப் போறானேன்னு முந்தானையை வாயில வெச்சு அழுதாங்க. கத்தி அழுதிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். குழந்தைக்குப் பால் இல்லைன்னா தாய் அழுவா பாருங்க, அப்படி அழுதாங்க.

அன்னியில இருந்து எனக்குச் சோறு இறங்கல. நான் சொல்றதுதான் சரி, நீங்க உயிரோடதான் இருக்கீங்க, கப்பல்ல யாருக்கோ பரோட்டா தட்டிக்கினு இருக்கீங்க. அப்படின்னா பின்வாசல்ல யாரும் வரல, யாரும் பட்டினி போகல. ஆனா கரண்டியை வாய்கிட்ட கொண்டு போறப்போ எல்லாம் பாதியிலயே நிறுத்திடறேன். ஒருவேளை, சும்மா ஒரு பேச்சுக்கு, வந்தது நீங்களா இருந்தா? அவ்வளவு தூரத்துல இருந்து, அவ்வளவு குளிர்ல வந்து, நான் எச்சில் பண்ணி வெச்சதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருந்தா? ருசி பார்க்கலைன்னா நீங்க இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ருசி பார்த்தா உங்களைப் பட்டினி போட்ட மாதிரி. இதுல எதைப் பண்றதுன்னு யார்கிட்ட போய்க் கேக்கறது மாமா? உங்களைத்தான் கேக்கணும்.

பொங்கல் வெச்சோம். பொங்கல் வைக்கணுமான்னு உங்க அப்பா என்கிட்ட வந்து மெதுவாக் கேட்டார். சாவு விழுந்த வீட்டுலதான் வைக்க மாட்டாங்க, நமக்கு என்னன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். பால் பொங்கறப்போ பொங்கலோ பொங்கல்னு நானும் அபியும் மட்டும்தான் கத்தினோம். சர்க்கரைவள்ளி, கருணை, பூசணி, அவரை எல்லாம் போட்டுக் கூட்டுக்குழம்பு வெச்சேன். மீந்துபோச்சு.

மறுநாள் மத்தியானம் கூரத்துல இருந்து தணிகாசலம் வந்தார். உங்க கம்பெனியிலயே வேற கப்பல்ல இருக்காரே, அவர்தான். பொங்கலுக்கு லீவுல வந்தாராம். வாயாற வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு இலை போட்டேன். சாப்பிட்டுத்தான் வந்தேன் அண்ணின்னு சொல்லிட்டார். தண்ணியாவது குடிங்கன்னு சொம்பை நீட்டினேன், வாங்கிக் கீழ வெச்சிட்டார். எங்க ஊட்டுக்காரரைப் பார்த்தீங்களா, பேசினீங்களான்னு கேட்டா, அபி தலையைத் தடவிக் குடுக்கறார். கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு எழுந்து வெளியே போனார். போயிட்டு வரேன்னு சொல்லல.

எந்த வீட்டுல இருந்து மாமா அப்படிச் சொல்லாமப் போவாங்க? எழவு வீட்டுல இருந்துதானே? நான் தெருவுக்கு ஓடினேன். வண்டி ஹேண்டில் பாரைப் பிடிச்சிக்கினு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்கன்னேன். அவர் வண்டிச் சாவியைத் திருப்பினார். சொல்லுங்கன்னு கத்தினேன், தெருவே பார்த்துது. ஆபீசுல சொல்லுவாங்க அண்ணி, என்னைக் கேக்காதீங்கன்னு சொல்லி, கண்ணைத் துடைச்சிக்கினு வண்டியை எடுத்துட்டார்.

ஆபீசுல இருந்து நேத்து போன் வந்துது. உங்க அப்பாதான் எடுத்தார். நாளைக்குக் காலையில நேர்ல வரணுமாம், மனைவி கண்டிப்பா வரணுமாம், ஆதார் எடுத்து வரணுமாம். என்ன சமாச்சாரம்னு கேட்டதுக்கு, போன்ல சொல்ற விஷயம் இல்லைங்க ஐயான்னு அதே பணிவான பொண்ணு. அவர் அப்படியே தறியில போய் உக்காந்தார். கால் மிதியில இருக்குது, கை நாடாவுல இருக்குது, ஒரு இழை ஓடல. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதுக்கும் வரல.

நாளைக்கு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறோம். இந்தக் கடிதாசியைத் தபால்ல போடப் போறதில்ல, கையோட கொண்டு வரேன். அவங்க உக்காருங்க மேடம்னு சொல்றதுக்கு முன்னாடி மேசையில வெச்சு, முதல்ல இதைக் கப்பலுக்கு அனுப்புங்க, அப்புறம் பேசுங்கன்னு சொல்லப் போறேன். வாங்கிக்கினா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். அவங்க வாங்காமப் போகட்டும் பார்க்கலாம், அந்த ஆபீசு என்ன ஆகுதுன்னு.

இன்னிக்கு நான்தான் சமைச்சேன். அத்தை கேக்கல, நானாவே பண்ணினேன். மல்லி மிளகு வறுத்து அம்மியில அரைச்சேன். சேப்பங்கிழங்கு புளிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய் எள்ளு போட்டது. வெங்காயம் எடுத்தேன், கூடையிலயே திரும்பப் போட்டுட்டேன். குழம்பு கொதிக்கறப்போ வாசனை தூக்கிச்சு, நாக்குல எச்சில் ஊறிச்சு. கரண்டியை வாய்கிட்ட கொண்டுபோனேன் மாமா. திரும்ப வெச்சிட்டேன். ருசி பார்க்கல.

கோபப்படாதீங்க. உங்களை இல்லைன்னு நான் ஒத்துக்கல, அது நடக்காது. பசியோட மட்டும் நீங்க எங்கயும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். உங்க தட்டுல முதல்ல போட்டு, பின்வாசல் கதவை நல்லா விரியத் திறந்து வெச்சு, உங்க அம்மா கையைப் பிடிச்சிக்கினு அந்தப் பக்கம் திரும்பாம உக்காந்திருந்தேன். அபியும் கையைக் கட்டிக்கினு உக்காந்திருந்தா. அப்புறம் அந்தத் தட்டை எடுத்து ஒரு பருக்கை விடாம நானே சாப்பிட்டேன். உப்பா இருந்துதா இல்லையான்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்தக் காகிதத்தோட நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கேன். நல்ல சேதி போற கடிதாசிக்கு அப்படித்தானே தடவுவாங்க. பசுமஞ்சளை இழைச்சது, இன்னும் காயல. நீங்க பிரிக்கறப்போ கண்டிப்பா விரல்ல ஒட்டும். ஒட்டினா துடைச்சிடாதீங்க மாமா, அப்படியே கைநாட்டு மாதிரி ஒரு தாள்ல அழுத்தி அனுப்புங்க. எழுத நேரமில்லைன்னா எழுதவே வேணாம். அந்த மஞ்சக் கைநாட்டு ஒண்ணு போதும் எனக்கு.

என்றும் சுமங்கலியாக உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கும்,
உங்கள் காயத்ரி.